பயிர்ப் பாதுகாப்புப் படிக்கப் போகிறவருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பயிர்ப் பாதுகாப்புப் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து?" வயல்காரரும் அதைத்தான் கேட்கிறார், கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார். அதனால் படிப்பு என்றாலே மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வது என்று ஆகிவிடுகிறது. இந்த வழிகாட்டியில் மருந்து பின்னால்தான் வரும். அதற்கு முன்னால் செடி, சேதம், பூச்சி, எண்ணிக்கை என்று நாலு விஷயம் இருக்கிறது. அந்த ஒழுங்கில் படித்தால் மருந்து தானாக மனதில் நிற்கும். தலைகீழாகப் படித்தவரிடம் கடைசியில் பட்டியல் மட்டும்தான் இருக்கும், அதுவும் சில வருடத்தில் பழசாகிவிடும்.

திருகோணமலை மாவட்டத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் நெல். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம். வீட்டுக்கு வீடு மிளகாய், கத்தரி, வெண்டி, ரெண்டு மூன்று தென்னை. படிப்பதற்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் தேவையில்லை.

படி 1: எங்கே படிப்பது?

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் தாவரவியலும் பீடை முகாமைத்துவமும் படித்துவிட்டு வேலைக்கும் போகலாம், பல்கலைக்கழகத்துக்கும் மாறலாம். நமக்கு அதற்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்பது விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகளும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழியும்.

உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவோ, உயிர்முறைமைகள் தொழினுட்பவியலோ படித்தவர்கள் விவசாயப் பாடசாலையின் டிப்ளோமாவைப் பார்க்கலாம். தமிழ் மொழியில் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு வவுனியாவும் அம்பாறை மாவட்டத்துப் பாலமுனையும் கைக்கெட்டும் தூரம். அனுமதி நிபந்தனைகளை அந்தந்த வருட அறிவித்தலில் பாருங்கள். "போன வருடம் அண்ணா இப்படித்தான் போனார்" என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

சாதாரண தரத்தோடு நிற்பவர்கள் மனம் தளரத் தேவையில்லை. தேசிய தொழிற்தகைமை 3, 4ஆம் மட்டச் சான்றிதழில் தொடங்கி, 5ஆம் மட்டமான டிப்ளோமா, 6ஆம் மட்டமான உயர் டிப்ளோமா என்று ஏறலாம். 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். ஏணி நீளம்தான், ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், இடையில் வேலையும் செய்யலாம்.

நேரே பட்டத்துக்குப் போக இசற் புள்ளி கிடைத்தவர்களுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் வந்தாறுமூலையில் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் விவசாய பீடம் இல்லை. ஊரிலேயே வளாகம் இருக்கிறதே என்று எண்ணி விண்ணப்பத்தில் குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். பட்டப்படிப்பு ஆங்கில மொழியில் நடக்கும். டிப்ளோமாவோடு நிற்கப் போகிறவரும் ஆங்கிலத்தை விடக்கூடாது, ஏனென்றால் நல்ல படங்களோடு கூடிய கையேடுகளில் பாதிக்கு மேல் அந்த மொழியில்தான் இருக்கின்றன.

படி 2: ஒரு பை கட்டுங்கள்

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று. கொப்பியும் பென்சிலும் (பேனை மை ஈரத்தில் கரையும்). வெள்ளைத் தாள், பழைய செய்தித்தாள், சிறு கத்தி, மூடியுள்ள ரெண்டு மூன்று போத்தல், தெளிந்த தண்ணீர், போன். அவ்வளவுதான். நுணுக்குக்காட்டி கல்லூரியில் இருக்கும், அதற்காக வீட்டில் காசு கேட்க வேண்டாம்.

இன்னொரு சாமான் நீங்களே செய்ய வேண்டும்: 50 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம். தண்ணீர்க் குழாய்த் துண்டிலோ, தடித்த கம்பியிலோ செய்யலாம். அதன் பயன் படி 6இல் வரும்.

படி 3: சுகமான செடியை முதலில் படியுங்கள்

இதைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம். நெல் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதவருக்கு நெல்லின் நோய் ஒருநாளும் தெரியாது.

நெல்லின் வயதைப் பிரித்துப் பாருங்கள். குடலைக் கரு (தண்டுக்குள் கதிரின் தொடக்கம்) உருவாவதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாள், பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாள். இந்த இரண்டும் எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று மாத நெல்லுக்கும் மூன்றரை மாத நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் முன்பாதியில், அதாவது மட்டம் வெடிக்கிற (அடியிலிருந்து புதுப் பக்கத் தண்டு விடுகிற) காலத்தில் இருக்கிறது. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி 300 மூன்று மாத இனம், பிஜி 352 மூன்றரை மாத இனம். அப்படியானால் 105 நாள் நெல்லுக்கு மட்டம் வெடிக்க 40 நாள் இருக்கிறது, 90 நாள் நெல்லுக்கு 25 நாள்தான்.

பீடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மட்டம் வெடிக்கும் காலத்தில் இலையைக் கொஞ்சம் புழு தின்றால் நெல் புது இலை, புது மட்டம் விட்டு ஈடுசெய்துவிடும். குடலைக்குப் பிறகு வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்) வந்தால் ஈடுசெய்ய நெல்லுக்கு நேரமே இல்லை. ஒரே அளவு சேதம், ஆனால் நாளைப் பொறுத்து நட்டம் வேறு. 1990களில் வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில், விதைத்து முதல் 40 நாளைக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்க வேண்டாம் என்று விவசாயிகளிடம் பிரசாரமே நடந்தது. அவர்கள் தங்கள் வயலில் ஒரு துண்டை அடிக்காமல் விட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் குறையவில்லை. மருந்து அடிப்பது பாதிக்கும் மேல் குறைந்தது.

அடுத்தது போசணை. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. குறைந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் கீழ் இலை முதலில் மஞ்சளாகும். இரும்பு, கல்சியம், போரன் இடம் மாறாதவை, குறைந்தால் குருத்தில் தெரியும். இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், "மஞ்சளாகிப் போச்சு, வைரசு" என்று கொண்டுவரும் செடிகளில் ஒரு பகுதியை வாசலிலேயே தீர்த்துவிடலாம்.

காழ், உரியம், இலைவாய், ஒளித்தொகுப்பு எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வயலோடு இணைத்து வையுங்கள்: தத்தி (நெல்லின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) குத்துவது உரியத்தில், வாடல் பற்றீரியா அடைப்பது காழில். ஒன்று சாற்றைத் திருடுகிறது, மற்றது தண்ணீரை மறிக்கிறது. அறிகுறி ஏன் அப்படி வருகிறது என்பது இதில் விளங்கும்.

படி 4: சேதத்தை வாசிக்கப் பழகுங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். பூச்சியைப் பிடிக்க ஓடுவதற்கு முன் வரம்பில் நின்று முழு வயலையும் பாருங்கள். சேதம் எப்படிப் பரவியிருக்கிறது?

நேர்கோட்டில், அல்லது முழு வயலிலும் ஒரே மாதிரி இருந்தால் உயிரில்லாத காரணத்தைச் சந்தேகியுங்கள்: களைநாசினி கூடிப்போனது, உரம் கூடிக் குறைந்தது, தண்ணீர். களப்பை ஒட்டிய வயலில் நுனி காய்ந்து திட்டுத் திட்டாக நின்றால் உப்பையும் நினையுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி நாளுக்கு நாள் பெருத்தால் உயிருள்ள காரணம். நடு வயலில் வட்டமாகக் காய்ந்து வட்டம் விரிந்துகொண்டே போனால் கபில நிறத் தத்தி. குனிந்து அடித்தண்டைப் பாருங்கள், மேல் இலையில் தேடினால் கிடைக்காது.

பிறகு ஒரு செடி. குருத்து மட்டும் காய்ந்திருக்கிறதா? பிடித்து இழுங்கள். இலகுவாகக் கையோடு வந்து, அடியில் தின்ற அடையாளம் இருந்தால் தண்டு துளைப்பான். மட்டம் அடியிலேயே சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் எலி. குருத்து இலையாக விரியாமல் வெங்காயத் தாள் மாதிரிக் குழலாக வந்தால் கொப்புள ஈ.

மிளகாயை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மிளகாய்தான் இந்தப் படிக்குச் சிறந்த வாத்தியார். இலை சுருண்டால் எல்லோரும் ஒரே பெயர்தான் சொல்வார்கள்: இலைச்சுருள். கடையிலும் ஒரே போத்தல்தான் எடுத்துக் கொடுப்பார்கள். குருத்தோடு ரெண்டு மூன்று இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கி மடிந்து இலை தோணி மாதிரி நின்றால் பனிப்பூச்சி. விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, தோணியைக் கவிழ்த்த மாதிரி இருந்து, காம்பும் நீண்டிருந்தால் சிற்றுண்ணி. மேலும் கீழும் கோணிக்கொண்டு, இலை சிறுத்து, நரம்பு வெளுத்து, செடியே குள்ளமாகி நின்றால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு.

அத்தோடு விட்டுவிடாமல் உறுதிப்படுத்துங்கள். குருத்தை வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்து ரெண்டு தட்டுத் தட்டினால் பனிப்பூச்சி மஞ்சள் நிறச் சிறு கீறலாக விழுந்து ஓடும். சிற்றுண்ணி தட்டினால் தெரியாது. இளம் இலையின் அடிப்பக்கத்தில் நரம்போரமாகக் கைவில்லையை வைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வெளிச்சம் சரியாக விழும். சிற்றுண்ணி பூச்சியே இல்லை, எட்டுக் காலுள்ள சிலந்தி வகை. அதனால் பனிப்பூச்சிக்குக் கொடுக்கிற மருந்துகளில் பல அதை ஒன்றும் செய்யாது. பைரித்ரோயிட் வகை மருந்து சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல உண்ணிகளைக் கொன்று நிலைமையை இன்னும் கெடுக்கும். வைரசுக்கோ மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்குவதும் வெண் ஈயைக் குறைப்பதும்தான் வழி. ஒரே பெயர், மூன்று காரணம், மூன்று வைத்தியம்.

கத்தரி, தக்காளி ஒரே நாளில் வாடினால் வயலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிப் போத்தலில் வெட்டிய முனை தண்ணீரைத் தொடுமாறு அசையாமல் பிடியுங்கள். பற்றீரியா வாடல் என்றால் சில நிமிடத்தில் வெள்ளை நூலாகக் கீழே இறங்கும். பங்கசு வாடலில் அப்படி இறங்காது. இதை நாலு பேர் பார்க்கச் செய்து காட்டினால் அந்த ஊரில் உங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்துவிடும்!

படம் எடுக்கும்போது மூன்று எடுங்கள்: வயல், முழுச் செடி, கிட்டப் பார்வை. கிட்டப் பார்வையை மட்டும் போனில் அனுப்பிவிட்டு "இது என்ன நோய்?" என்று கேட்டால் எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

படி 5: பூச்சியை வளர்த்துப் பாருங்கள்

புழுவைப் பிடித்து யோகட் கோப்பையில் போட்டு, அது தின்றுகொண்டிருந்த இலையையே தினமும் மாற்றிக் கொடுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று புத்தகத்தில் இருக்கும் வட்டம் உங்கள் மேசையில் நடக்கும். சிலவேளை அந்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளியே வரும். அதற்குச் சந்தோசப்படுங்கள், வயலில் ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அணங்குப் பருவமுள்ள தத்தி, மூட்டுப்பூச்சி, அழுக்கணவன் போன்றவற்றுக்குக் கூட்டுப்புழு கிடையாது, சிறிசாக இருக்கும்போதே பெரிசின் உருவம்தான்.

வாயைப் பாருங்கள். கடித்து மெல்லும் வாய் ஓட்டை போடும், குத்தி உறிஞ்சும் வாய் சுருட்டும், மஞ்சளாக்கும், தேன் மாதிரிக் கழிவைக் கொட்டும். அந்தத் தேனுக்கு எறும்பு வரும், பிறகு கரும்பூஞ்சணம் படியும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அழுக்கணவனோ வெண்மூட்டுப்பூச்சியோ இருக்கிறது என்று நிமிராமலே சொல்லிவிடலாம்.

சோளத்தில் படைப்புழுவை எல்லோரும் கண்டிருப்பீர்கள், 2018இல் இலங்கைக்குள் வந்தது. தலையில் தலைகீழான ஆங்கில 'வை' வடிவக் கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளி. இந்த அடையாளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும்.

சேகரிப்புப் பெட்டிக்குப் பூச்சியைக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்துக் கொல்லலாம் (அம்மாவிடம் முதலே சொல்லிவிடுங்கள்). குத்தூசியில் குத்தி, திகதி, ஊர், எந்தப் பயிர் என்று எழுதி ஒட்டுங்கள். இந்த மூன்றும் இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. களைகளையும் செய்தித்தாளில் அழுத்திக் காயவையுங்கள்: நெற்சப்பி, கோரை, பார்த்தீனியம். பார்த்தீனியத்தை வெறும் கையால் தொட வேண்டாம், தோல் கடிக்கும்.

படி 6: எண்ணுங்கள்

பீடை முகாமைத்துவம் என்பது பெரும்பாலும் எண்ணிக்கைதான். பூச்சி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, எப்போதும் இருக்கும். மருந்துக்கு ஆகும் செலவைவிட நட்டம் பெரிசாகிற அளவுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த எல்லையைப் பொருளாதாரச் சேத மட்டம் என்பார்கள். பயிரின் வயதுக்கும் பீடைக்கும் ஏற்ப அது மாறும், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

புத்தகங்களில் "ஒரு கற்றைக்கு இத்தனை தத்தி" என்றுதான் இருக்கும். அது நாற்று நடுகிற நாட்டுக் கணக்கு. நம் பக்கம் பெரும்பாலும் வீசி விதைப்பு, கற்றை எங்கே இருக்கிறது? அதற்குத்தான் அந்தச் சட்டம். வயலில் கோணலாக நடந்து பத்து இடத்தில் போடுங்கள். சட்டத்துக்குள் நிற்கும் நெல்லை மெல்லச் சாய்த்து அடியில் தட்டினால் தத்தி தண்ணீரில் விழும், எண்ணுங்கள். பத்துச் சட்டத்தில் 60 என்றால் ஒரு சட்டத்துக்கு 6, சட்டம் கால் சதுர மீற்றர், ஆகவே சதுர மீற்றருக்கு 24. அதே சட்டத்தில் சிலந்தி எத்தனை, தத்தியைத் தின்னும் பச்சை நிற மிரிட் பூச்சி எத்தனை என்பதையும் எழுத வேண்டும். தத்தி மட்டும் எண்ணினால் பாதிக் கணக்கு.

கிண்ணியாப் பக்கம் ஒரு வட்டையில் (வயல்வெளியில்) மாணவர்கள் இப்படிக் குனிந்து நின்றபோது வரம்பில் வந்த விவசாயி கேட்டார்: "தம்பி, நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள தத்தி வட்டையையே முடிச்சிரும்." ஒரு பிள்ளை சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "நானா, எண்ண அரை மணித்தியாலம். நீங்க மருந்து வாங்க ரவுணுக்குப் போய் வர எவ்வளவு நேரம்?"

தத்தி விஷயத்தில் அவசரம் ஏன் ஆபத்து என்பதை இந்தோனேசியாவிலிருந்து படிக்க வேண்டும். தத்தி முட்டையை இலை மடலுக்குள் செருகி இடுகிறது, மருந்து அங்கே எட்டாது. மேலே அடித்த மருந்து சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் முதலில் கொல்லும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது தின்ன யாரும் இருக்க மாட்டார்கள். அடிக்க அடிக்கத் தத்தி கூடியது. 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது. விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் படிப்பிக்கும் வயற் பாடசாலை முறை வளர்ந்ததும் அங்கிருந்துதான். இன்று நீங்கள் படிக்கும் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவப் பாடத்தின் பாதி அந்த அனுபவம். யூரியாவை அள்ளி வீசிய வயலில் தத்தி கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: மருந்தில்லாத வேலைகள்

பிள்ளைகள் இதை ஒப்புக்கு எழுதுவார்கள், "உழவியல் முறை, பொறிமுறை, உயிரியல் முறை" என்று மூன்று தலைப்புப் போட்டு. உண்மையான உதாரணம் எழுதுங்கள்.

நெல் நாற்றில் பனிப்பூச்சி என்றால் கையை நனைத்து இலை நுனிமேல் தடவுங்கள், கரும்புள்ளியாக ஒட்டும். தண்ணீரைக் கட்டி நாற்றை மூழ்கவிட்டாலே குறையும். பாகல், புடோலில் பழ ஈக்குக் கவர்ச்சிப் பொறி. வெண் ஈக்கு மஞ்சள் ஒட்டு அட்டை. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்தால் 5 வீதக் கரைசல். வெயிலில் அதன் வீரியம் போய்விடும், பொழுதுபட அடிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் வேம்புக்குப் பஞ்சமில்லை, பொறுக்கத்தான் ஆளில்லை.

எல்லாவற்றிலும் மலிவான முறை ஒரே காலத்தில் விதைப்பது. வட்டை முழுவதும் ஒரு வாரம் பத்து நாளுக்குள் விதைத்தால் பால் பருவம் எல்லோருக்கும் ஒன்றாக வரும், நெல் மூட்டுப்பூச்சி ஒரே வயலில் குவியாது. முன்னும் பின்னுமாக விதைத்தால் கடைசியில் பால் பிடிக்கிற வயல்காரருக்குத்தான் எல்லாப் பூச்சியும். இந்த முடிவு எடுக்கப்படுவது போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்புக் காலம், எத்தனை மாத இனம் என்றெல்லாம் அங்கேதான் சண்டைபிடித்துத் தீர்மானிப்பார்கள். வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் சொல்லிவிட்டு ஒரு கூட்டத்திலாவது பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பீடை முகாமைத்துவ விரிவுரை எதிலும் கேட்காத விஷயங்கள் அங்கே கிடைக்கும்.

யானையும் மயிலும் குரங்கும் பாடத்திட்டத்தில் சில வரிகளோடு முடிந்துவிடும். கந்தளாய், மொறவெவப் பக்கம் போனால் விவசாயி முதலில் கேட்பது அதைத்தான். பதில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்.

படி 8: இப்போது மருந்து

முதலில் சட்டம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவாளரிடம் பதியாத எதையும் இலங்கையில் விற்க முடியாது. அக்காமார், அண்ணாமாரின் பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். எண்டோசல்பான் 1998இல் போனது. பரகுவாற், டைமெதோவேற், பென்தியன் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டன. கிளைபோசேற் 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்வு. 2021இல் இரசாயன உரமும் விவசாய இரசாயனமும் இறக்குமதி செய்வதே சில மாதம் நின்றிருந்தது. பழைய கொப்பியைப் பார்த்துப் பரீட்சையில் தடைசெய்த மருந்தைச் சிபாரிசு செய்தால் புள்ளி போகும், வயலில் சொன்னால் அதைவிட மோசம்.

வணிகப் பெயரை விட்டுவிட்டு லேபிளில் உள்ள செயற்படு பொருளைப் படியுங்கள். ஒரே பொருள் நாலு பெயரில் வரும். அதற்குப் பக்கத்தில் அது எந்தத் தொழிற்பாட்டுக் குழு (பூச்சியைக் கொல்லும் விதத்தை வைத்துப் பிரித்த வகை) என்ற இலக்கத்தை எழுதுங்கள்: கார்பமேற் 1ஏ, ஒர்கனோபொசுபேற் 1பி, பைரித்ரோயிட் 3ஏ, இமிடாகுளோபிரிட் 4ஏ, அபாமெக்ரின் 6, டயமைட் வகை 28. அடுத்தடுத்த தலைமுறைப் பூச்சிக்கு ஒரே இலக்கத்தை அடித்தால் எதிர்ப்புச் சக்தி வளரும். பெயர் மாற்றி இலக்கம் மாற்றாமல் அடிப்பது அதே மருந்தை மறுபடி அடிப்பதுதான்.

பிறகு கணக்கு. நம்மூரில் அளவு "ஒரு தாங்கிக்கு ரெண்டு மூடி". எந்த மூடி, எத்தனை மில்லிலீற்றர்? அளந்து பாருங்கள், போத்தலுக்குப் போத்தல் மாறும். சரியான முறை இது: 10 மீற்றருக்கு 10 மீற்றர் நிலத்தை அளந்து, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் அடியுங்கள். 3 லீற்றர் முடிந்தது என்று வைப்போம். ஏக்கர் 4047 சதுர மீற்றர், ஆகவே ஏக்கருக்குச் சுமார் 121 லீற்றர். 16 லீற்றர் தாங்கியில் ஏழரைத் தாங்கிக்குச் சற்று மேல். லேபிளில் ஏக்கருக்கு 200 மில்லிலீற்றர் என்றிருந்தால் தாங்கிக்கு ஏறக்குறைய 26 மில்லிலீற்றர். ஆளுக்கு ஆள் நடை வேகம் வேறு, விசிறியின் முனையும் தேய்ந்திருக்கும், அதனால் இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தங்களுக்குத் தாங்களே செய்ய வேண்டும். செய்முறைப் பரீட்சையில் இது கட்டாயம் எதிர்பார்க்கக்கூடியது.

அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளியும் லேபிளில் இருக்கும். வெண்டி, பாகல் மாதிரி ரெண்டு நாளுக்கொருக்கால் பறிக்கிற பயிருக்கு 14 நாள் இடைவெளி உள்ள மருந்தைச் சொல்வது நடைமுறையில் சொல்லாததற்குச் சமம், யாரும் 14 நாள் பறிக்காமல் இருக்க மாட்டார்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்க வேண்டாம், கச்சான் காற்றுக் காலத்தில் காலை வெள்ளெனவே வேலையை முடித்துவிட வேண்டும். கையுறை, முகமூடி, நீளக் கைச் சட்டை. மருந்து உடம்பில் பட்டு மயக்கம் வந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 1990 அம்புலன்சை அழைத்து, லேபிளோடு ஆசுபத்திரிக்கு அனுப்புங்கள். போத்தலைப் பூட்டி வையுங்கள், வெறும் போத்தலில் தண்ணீர் வைக்கவே வேண்டாம்.

படி 9: போகத்தோடு சேர்த்துப் படியுங்கள்

பெரும்போகத்தில், வாடை மழையோடு, பங்கசு, பற்றீரியா நோய்களைப் படியுங்கள்: நெல்லில் எரிபந்தம், இலை வெளிறல், வெங்காயத்தில் இலை முறுகல். சிறுபோக வெயிலில் பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வெண் ஈ தானாக வரும். தென்னையில் கொம்பு வண்டும் செவ்வண்டும் வருடம் முழுக்க. பாடப்புத்தக ஒழுங்கில் போனால் மழைக்காலத்தில் சிற்றுண்ணியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு வயல், ஒரே ஒரு மிளகாய்த் தோட்டம் தெரிவுசெய்து, விதைப்பிலிருந்து அறுவடை வரை வாரம் ஒருமுறை போய் எழுதுங்கள்: திகதி, பயிரின் நாள், மழை, தண்ணீர், எண்ணிக்கை, என்ன அடித்தார்கள், எவ்வளவு செலவு, கடைசியில் எத்தனை மூட்டை. போக முன் வயல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், "ஐயா, நான் பார்த்து எழுத மட்டும்தான் வாறன்" என்று. முதல் நாளே புத்திமதி சொல்லத் தொடங்கினால் ரெண்டாம் நாள் வரம்பில் இடம் கிடைக்காது.

சந்தேகம் வந்தால் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியர் இருக்கும் நாளைக் கேட்டு மாதிரியோடு போங்கள். மாதிரியை ஈரப் பொலித்தீனில் கட்டி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டால் போய்ச் சேர முன் அவிந்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, வேரோடு, காலையில் கொண்டுபோங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் நெல் அறிவு வங்கி இணையத்தில் இலவசமாக இருக்கிறது, நெல்லுக்கு அதைவிட நல்ல படத் தொகுப்பு நான் கண்டதில்லை.

படி 10: வேலை

விவசாயப் போதனாசிரியர் பதவியைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். வெற்றிடம் வரும்போது வர்த்தமானியில் வரும், போட்டிப் பரீட்சை இருக்கும், காத்திருக்க வேண்டியும் வரும். அதுவரை விதை, மருந்துக் கம்பனிகளில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலை கிடைக்கும். அங்கே மாத விற்பனை இலக்கு ஒன்று இருக்கும், படி 6இல் படித்ததும் அந்த இலக்கும் ஒன்றோடொன்று முட்டும் நாள் வரும், தெரிந்துகொண்டே போங்கள். சொந்தமாக மருந்துக் கடை போடுவதானால் உரிமமும் பயிற்சியும் வேண்டும். டிப்ளோமாக்காரர் நடத்துகிற கடை ஊருக்கு ஒன்று இருந்தாலே "ரெண்டு மூடி" கணக்குக் குறையும் என்பது என் எண்ணம். நாற்றுமேடை, காளான், வீட்டுத்தோட்ட ஆலோசனை என்று சிறிசாகத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

நேர்முகத்துக்குப் போகும்போது சான்றிதழோடு அந்த வயல் கொப்பியையும் கொண்டுபோங்கள். சேறு பட்டிருந்தாலும் பரவாயில்லை, புதிதாக எழுதி அழகுபடுத்த வேண்டாம். "இந்த வாரம் தத்தி கூடியிருக்கிறதே, ஏன் அடிக்கச் சொல்லவில்லை?" என்று அதிலிருந்தே கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் சிலந்திக் கணக்கும் எழுதியிருக்கிறதா என்று வீட்டில் வைத்தே ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.